13 வயசு மகளுக்கு முதல் பைனாகுலர்: கப்பல் பார்க்க எது வாங்கலாம்?

உப்பளத்துக்காரி:
வணக்கம். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு இந்த மாதம் 13 வயது முடிகிறது. என் அப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக இருந்தவர், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய் வந்தவர். இப்போது 74 வயது, எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் ஆனால் போதும், தாத்தாவும் பேத்தியும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார்கள். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை அவர் சொல்லச் சொல்ல இவள் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். கிரேன் எத்தனை, சரக்கோடு நிற்கிறதா காலியா, முன்பகுதி எந்தப் பக்கம் பார்க்கிறது, இப்படி. ஆனால் வெறும் கண்ணுக்குப் பாதிக் கப்பல் கறுப்புக் கோடாகத்தான் தெரிகிறது. பிறந்தநாளுக்கு வேறு எதுவும் வேண்டாம், பைனாகுலர்தான் வேண்டும் என்கிறாள்.

போன வருஷம் ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஏமாந்தோம். பெட்டியில் 180 மடங்கு என்று போட்டிருந்தது. பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, பத்து நிமிஷத்தில் பிள்ளைக்குத் தலைவலி வந்துவிட்டது. இந்த முறை 12,000 வரை எடுத்து வைத்திருக்கிறேன், இழுத்துப் பிடித்தால் 14,000. இரவிலும் பார்க்க வேண்டும், தம்பியின் வள்ளத்தில் எப்போதாவது கடலுக்கும் போவாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூரப்பார்வை:
கப்பல் அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும். 7, 8 எல்லாம் போதாது. 20x50 வாங்குங்கள், உங்கள் பட்ஜெட்டுக்குள் நிறைய இருக்கிறது.

இரவுக்காவல்:
தயவுசெய்து 20x வாங்காதீர்கள் அக்கா. நான் சரக்குக் கப்பலில் டெக் ஆபீசர், ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை வாட்ச் நிற்கிறவன். நான் வேலை பார்த்த எல்லாக் கப்பலிலும் கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையில் தொங்கியது 7x50 தான். வசதி இல்லாமல் அல்ல, அதுதான் கடலுக்குச் சரியான கணக்கு.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. கப்பலை மட்டும் அது பெரிதாக்குவதில்லை, உங்கள் கை நடுக்கத்தையும் அதே மடங்கு பெரிதாக்கும். 20x-ஐக் கையில் பிடித்து ஒரு கப்பலின் பெயரை வாசிக்க முடியாது, எழுத்து குதித்துக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டு வேண்டும். வள்ளத்தில் ஸ்டாண்டு வைத்தும் பிரயோஜனமில்லை, கீழே பலகையே ஆடுகிறதே. 7 மடங்கு என்றால் 7 கிலோமீட்டரில் நிற்கும் கப்பல் ஒரு கிலோமீட்டரில் நிற்பது போல. யோசித்துப் பாருங்கள், அது குறைவா?

இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7.1 வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருட்டில் இளவயதுக் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ வரை விரியும். அதாவது 13 வயசுப் பிள்ளையின் கண் 7x50 கொடுக்கும் வெளிச்சம் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். 20x50-ல் அந்தக் கற்றை வெறும் 2.5. பொழுது சாய்ந்ததும் படம் மங்கிப்போகும். "இரவுப் பார்வை" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்க்காதீர்கள், இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

கூழைக்கடா:
நான் பறவை பார்க்கிறவன், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 7x50 நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. 13 வயசுக் கழுத்தில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் ஒரு மாதத்தில் அது பீரோவுக்குள் போய்விடும். இப்படிப் போன நிறைய பைனாகுலர்களைப் பார்த்திருக்கிறேன். 8x42, தண்ணீர் புகாதது, நேர்க்குழாய் மாடல் என்றால் 650, 700 கிராமில் கிடைக்கும். உங்கள் ஊர் உப்பளத்துக்குப் பூநாரை வருமே, அதையும் பார்ப்பாள். பகல் வெளிச்சத்தில் கண்மணி 2, 3 மி.மீட்டருக்குச் சுருங்கிவிடும், அப்போது 50 மி.மீ லென்ஸ் சேர்க்கும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்கு வெளியேதான் விழும். சும்மா சுமக்கிற எடை.

கையடக்கமும் வேண்டும், 7 மடங்கும் வேண்டும் என்றால் 7x35 இருக்கிறது. நிகான் ஆக்‌ஷன் இஎக்ஸ் வரிசையில் 7x35 தண்ணீர் புகாதது, 800 கிராம், பார்வைப் பரப்பு, அதாவது ஒரே பார்வையில் தெரியும் அகலம், 9.3 பாகை (டிகிரி). பரப்பு அகலமாக இருந்தால் புதிதாகப் பழகுகிறவருக்குக் கப்பலைத் தேடிப் பிடிப்பது சுலபம். அதே நிறுவனத்தின் ஆகுலான் வரிசை விலை குறைவு, ஆனால் தண்ணீர் புகாத வகை இல்லை, அதைக் கவனித்து வாங்குங்கள்.

இரவுக்காவல்:
கூழைக்கடா அண்ணன் எடையைப் பற்றிச் சொன்னது நியாயம். பகலுக்கு மட்டும் என்றால் நானும் 7x35 என்றே சொல்வேன். ஆனால் அக்கா இரவிலும் என்று எழுதியிருக்கிறார்கள். கப்பல் பழகுகிற பிள்ளைக்குப் பாதிப் பாடம் ராத்திரியில்தான்.

இருட்டினதும் ஓடுகிற கப்பலின் இடது பக்கத்தில் சிவப்பு விளக்கு, வலது பக்கத்தில் பச்சை, உயரமான கம்பத்தில் வெள்ளை. பெரிய கப்பலுக்கு வெள்ளை இரண்டு, முன்னே உள்ளது தாழ்ந்தும் பின்னே உள்ளது உயர்ந்தும் இருக்கும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அது உங்களுக்குத் தன் இடது விலாவைக் காட்டிக்கொண்டு போகிறது. பச்சை மட்டும் என்றால் வலது விலா. இதைப் படித்துக்கொண்டால் உடம்பே தெரியாத கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடலாம். தாத்தாவுக்கு இது அத்துபடியாக இருக்கும்.

இந்த வேலைக்கு 7x35 கொடுக்கும் கற்றை 5 மி.மீ, 7x50 கொடுப்பது 7.1. பரப்பளவாகக் கணக்கிட்டால் இரண்டு மடங்கு வெளிச்சம். ஒரு விஷயம், எழுபது வயதைத் தாண்டிய கண்மணி இருட்டிலும் 5 மி.மீட்டருக்கு மேல் விரிவது அரிது. தாத்தாவுக்கு 7x35-ம் 7x50-ம் ராத்திரியில் ஒன்றுபோலத்தான் தெரியும். பேத்திக்குத்தான் வித்தியாசம். அந்தக் கண் அவளிடம் இப்போது இருக்கிறது, அதற்கு ஏற்ற கருவியை வாங்கிக் கொடுங்கள் என்பதுதான் என் ஆசை.

வள்ளக்காரன்:
நான் திரேஸ்புரம். வள்ளத்தில் கொண்டுபோவது பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா. கச்சான் காற்று அடிக்கிற நேரம் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், ஒருத்தரும் நனையாமல் உட்கார முடியாது. தண்ணீர் புகாது என்பதும், லேசாக நனைந்தால் தாங்கும் என்பதும் ஒன்று இல்லை. உள்ளே நைட்ரஜன் அடைத்து, ரப்பர் வளையம் போட்டு மூடியிருக்க வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீருக்குள் அரை மணி நேரம் தாங்கும். அது இல்லாத ஒன்றை எங்கள் அண்ணன் கொண்டுவந்தார், ஒரே நாளில் உள்ளே ஆவி பிடித்தது, அப்புறம் தெளியவே இல்லை.

கையில் இருந்து கடலில் விழுந்தால் கல்லு மாதிரி போய்விடும். மிதக்கிற பட்டை என்று தனியாக விற்கிறார்கள், நுரைப்பஞ்சு அடைத்தது, பளிச்சென்று மஞ்சளிலோ ஆரஞ்சிலோ இருக்கும். அந்த எடையைத் தூக்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். முதல் நாளே வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், தண்ணீர் புகாதது என்றுதானே காசு கொடுத்திருக்கிறோம்.

தூரப்பார்வை:
சரி, 20x பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என்னுடையதை ஸ்டாண்டில் வைத்து நிலா பார்த்துத்தான் பழக்கம், கையில் பிடித்துக் கப்பல் பார்த்ததில்லை. திசைகாட்டி உள்ள மாடல் வாங்கினால் என்ன?

இரவுக்காவல்:
வாங்கலாம். செலஸ்ட்ரான் ஓஷனா 7x50-ல் திசைகாட்டியும், தூரம் கணக்கிட உதவும் அளவுகோடும் உண்டு, ஸ்டெய்னர், ஃபுஜினான் எல்லாம் வேறு விலையில் இருக்கிறது. ஆனால் குறைந்த பட்ஜெட்டில் திசைகாட்டிக்குப் போகிற காசு கண்ணாடியிலிருந்துதான் குறையும். முதல் பைனாகுலருக்கு நல்ல கண்ணாடி, நல்ல மூடி, அவ்வளவு போதும்.

அளவுகோடு இல்லாமலும் தூரம் கணக்கிடலாம், பிள்ளைக்கு இது பிடிக்கும். 7 பாகை பார்வைப் பரப்பு என்றால் 1,000 மீட்டர் தூரத்தில் 122 மீட்டர் அகலம் தெரியும். கப்பல்களின் விவரம் காட்டும் மரைன்டிராஃபிக் செயலியில் கப்பலின் நீளம் போட்டிருக்கும். 180 மீட்டர் நீளக் கப்பல் பக்கவாட்டில் நின்று, பைனாகுலரில் தெரியும் வட்டத்தில் சரிபாதியை அடைத்தால் அது ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் நிற்கிறது. சாய்ந்து நின்றால் கணக்கு தப்பும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மொட்டைமாடியை விட்டுவிடாதீர்கள். கடற்கரையில் நிற்கிற பிள்ளைக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டர்தான். கண் 9 மீட்டர் உயரத்துக்குப் போனால் அது 10 கிலோமீட்டரைத் தாண்டும். எந்த விலையுயர்ந்த பைனாகுலரும் பூமியின் வளைவுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டாது, மாடிப்படி காட்டும்.

பழைய_லென்ஸ்:
கேமராவும் பைனாகுலரும் பழுது பார்க்கிற தொழிலில் இருபது வருஷமாக இருக்கிறேன். எல்லாரும் எண்களைச் சொன்னார்கள், யாரும் பிள்ளையின் முகத்தை அளக்கச் சொல்லவில்லை. இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ பக்கம் இருக்கும், பிள்ளைகளுக்கு 55, 57 என்று இருக்கும். நிறையப் பெரிய பைனாகுலர்களை மடக்கினால் 56-க்குக் கீழே குறுகாது. பிள்ளையின் கண் அதைவிட நெருக்கம் என்றால், என்ன விலை கொடுத்து வாங்கினாலும் அவளுக்கு ஒரே வட்டம் வராது, இரண்டு வட்டம் பாதிப் பாதியாக ஒட்டி நிற்கும், கடைசியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். சொல்லவும் தெரியாது, எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும்.

உங்கள் பழைய பைனாகுலரில் இரட்டையாகத் தெரிந்தது வேறு கோளாறு. இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. மூளை அதை இழுத்து ஒட்டப் பார்க்கும், அந்த இழுப்புதான் தலைவலி. கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி: தூரத்தில் ஒரு மின்கம்பியைப் பாருங்கள், பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் தள்ளுங்கள். இடது வட்டத்துக் கம்பியும் வலது வட்டத்துக் கம்பியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று படி இறங்கி நின்றால் அந்தப் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வேறு பெட்டி கேளுங்கள்.

அப்புறம் கையை நீட்டிப் பிடித்து வானத்தைப் பாருங்கள், கண் வைக்கிற லென்ஸில் சின்ன வெளிச்சப் பொட்டு தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நல்லது, பெரும்பாலும் உள்ளே பாக்-4 கண்ணாடி முப்பட்டகம் இருக்கும். ஓரம் வெட்டுப்பட்டு சதுரம் மாதிரி சாம்பல் நிழல் தெரிந்தால் மலிவுக் கண்ணாடி. முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாக ஜொலிப்பது தரம் அல்ல, அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். கப்பலின் சிவப்பு விளக்கைத் தேடுகிறவளுக்கு அது ஆகவே ஆகாது.

உப்பளத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. பழைய_லென்ஸ் அண்ணாச்சி சொன்னபடி பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, பள்ளிக்கூட ஸ்கேலை மூக்குத்தண்டில் வைத்து மூன்று முறை அளந்தேன். சிரித்துக்கொண்டே இருந்தாள், நிற்கவே இல்லை. 57, 58, 57. தப்பித்தோம் போல.

எடைக்கும் ஒரு சோதனை செய்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டேன், ஒரு மணி நேரம் அதோடு வீட்டில் சுற்றினாள். கழுத்து வலிக்கவில்லை என்றாள். ஆனால் இரண்டு கையாலும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னால் மூன்றாவது நிமிஷத்தில் முழங்கை இறங்கிவிட்டது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்து, அவளைக் கைப்பிடிச் சுவர் பக்கம் கூட்டிப்போய் இரண்டு முழங்கையையும் சுவரில் ஊன்றி வைத்தார். தோணியில் கம்பத்தில் சாய்ந்துகொண்டுதான் பார்ப்போம் என்றார். அப்படியே பத்து நிமிஷம் நின்றாள்.

இன்னொரு சந்தேகம். சிலவற்றில் நடுவில் ஒரு சக்கரம், சிலவற்றில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருக வேண்டும் என்கிறார்களே, எது?

இரவுக்காவல்:
கடலுக்கு என்றே செய்யப்படுகிற பைனாகுலர் பலவற்றில் தனித்தனித் திருகல்தான். ஒருமுறை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்துவிட்டால் கிட்டத்தட்ட இருபது முப்பது மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவாக இருக்கும், திரும்பத் தொட வேண்டியதில்லை. அசையும் பாகம் குறைவு, தண்ணீர் புகவும் வழி குறைவு. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். தாத்தா கண்ணாடி போடுவாரா?

உப்பளத்துக்காரி:
ஆமாம், போடுவார். வலது கண்ணில் கண்புரை ஆபரேஷனும் ஆகியிருக்கிறது.

பழைய_லென்ஸ்:
அப்படியென்றால் நடுச் சக்கரமே இருக்கட்டும் தங்கச்சி. தனித்திருகல் என்றால் ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் இரண்டு கண்ணையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும், அதற்குள் கப்பல் போய்விடும். கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க வேண்டுமானால் லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடைவெளி 15 மி.மீட்டருக்கு மேல் இருக்கிற மாடலாகக் கேளுங்கள், கண் வைக்கிற இடத்து ரப்பர் குவளை மடங்க வேண்டும். பிள்ளைக்கு நடுச் சக்கரத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது வரிசை முக்கியம். வலது லென்ஸை மூடி இடது கண்ணால் பார்த்துச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், பிறகு இடதை மூடி வலது கண்ணுக்கு உள்ள வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். அவளுடைய வளையம் எங்கே நிற்கிறதோ அங்கே நகப்பாலிஷில் ஒரு புள்ளி, தாத்தாவுக்கு வேறு நிறத்தில் ஒரு புள்ளி. என்னிடம் வருகிற குடும்பங்களுக்கு இப்படித்தான் வைத்துக் கொடுப்பேன்.

பராமரிப்பும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் பட்டு காய்ந்த லென்ஸைத் துணியால் துடைக்கவே கூடாது, உப்புப் பரல் பூச்சை அறுத்துவிடும். நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, உதறி, நிழலில் காயவிட்டு, அப்புறம்தான் மெல்லிய துணி. இது தண்ணீர் புகாத மாடலுக்கு மட்டும். வீட்டில் தோல் பைக்குள் மூடி வைக்காதீர்கள், நம் ஊர்க் கடல் காற்றுக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி லென்ஸில் படரும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

கூழைக்கடா:
யாரும் சொல்லாத ஒன்று, இதைப் பிள்ளையிடம் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்லுங்கள். உங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கப்பல் தேடுகிற பைனாகுலர் சூரியனைத் தொட்டுவிடும். ஒரு நொடி போதும், விழித்திரை வெந்துவிடும், வலியும் தெரியாது. சூரியன் நிற்கிற பக்கம் பைனாகுலரைக் கொண்டுபோகவே கூடாது என்பது முதல் விதி. எனக்கு 8x42 மேல்தான் மனசு என்றாலும், பாட்டில் சோதனையைப் படித்த பிறகு 7x50-க்கு எதிராக ஒன்றும் சொல்ல மாட்டேன். கழுத்துப் பட்டையை மட்டும் நாலு விரல் அகலத்தில் மாற்றிவிடுங்கள்.

வள்ளக்காரன்:
துறைமுக வாசல் பக்கம் பைனாகுலரோடு போய் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, காவலில் இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். ரோச் பூங்கா பக்கமோ மாடியோ போதும். துறைமுகத்துக்குள் வருகிற கப்பலுக்கு இடது கைப் பக்கம் சிவப்பு போயா (வழிகாட்டும் மிதவை), வலது கைப் பக்கம் பச்சை போயா, அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

உப்பளத்துக்காரி:
வாங்கிவிட்டோம். மூன்று பேருமாக மதுரைக்குப் போய், ஒரு கடையில் நாலு பெட்டியைத் திறக்கச் சொன்னோம். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிள்ளை வாசலுக்குப் போய் மின்கம்பியைப் பார்த்து ஒரு சாண் தள்ளிப் பிடித்ததும் அவரே பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இரண்டாவது பெட்டியில் கம்பி படி இறங்கியது, அவள்தான் கண்டுபிடித்தாள். எடுத்தது 7x50, நடுச் சக்கரம், நைட்ரஜன் அடைத்தது, வெளிச்சப் பொட்டு முழு வட்டம். 13,000-க்குச் சற்று மேல் ஆனது. வாளித் தண்ணீரில் போடும்போது என் கைதான் நடுங்கியது, ஒன்றும் ஆகவில்லை. வளையத்தில் அவளுக்குச் சிவப்புப் புள்ளி, அப்பாவுக்கு வெள்ளை.

முதல் நாள் சாயங்காலம் ஒரு கப்பலின் அடிவயிற்றுச் சிவப்புப் பெயின்ட் பெரிய பட்டையாகத் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. காலிக் கப்பல், சரக்கு இருந்தால் அது முங்கியிருக்கும் என்று அப்பா சொன்னார். இருட்டின பிறகும் இறங்கி வரவில்லை. எட்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட மேலே போனேன். முழங்கையைச் சுவரில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். தாத்தா, சிவப்பும் தெரியுது, பச்சையும் தெரியுது, ரெண்டும் சேர்ந்து தெரியுது என்றாள். அப்பா பைனாகுலரை வாங்கவில்லை, கடல் பக்கம் திரும்பவும் இல்லை. அப்போ அது எங்கே போகுது என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நம்ம பக்கம்தான் வருது தாத்தா என்றாள்.